மாமாவும் நானும் ஒரே மைட்டோகாண்ட்ரியா

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) என்று சொல்லிக்கொண்டு எந்த டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "அப்பாவுக்கு இருந்ததா?" அடுத்தது, "அண்ணன் தம்பிக்கு?" இரண்டுக்கும் "இல்லை" என்றேன். குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது, அதோடு சரி. அம்மா பக்கம் யாரும் போகவில்லை. விஷயமே அங்கேதான் இருந்தது.

பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், புராஸ்டேட் புற்றுநோய்க்காரர். கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. சித்தி, அம்மாவின் தங்கை, ஐம்பதைத் தொடுவதற்குள் போய்விட்டார். "வயிற்றுக் கட்டி" என்றுதான் வீட்டில் சொல்வார்கள், அதற்கு மேல் பேச மாட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஒன்று புராஸ்டேட், மற்றது வயிறு. என்ன சம்பந்தம்?

எனக்கு 54 வயதில் ஒரு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 4.6 என்று வந்தது. இது புராஸ்டேட் சுரப்பி செய்கிற ஒரு புரதம். ரத்தத்தில் 4-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆனால் கூடினால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் கூடும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் கூடும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளில் உடலுறவோ கடுமையான உடற்பயிற்சியோ இருந்தால் அதுவும் கணக்கைக் கெடுக்கலாம். தொற்று வந்தவர்கள் ஆறு வாரம் பொறுத்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை: முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். சில மாதம் சாப்பிட்டவருக்கு 2.5 வந்தால் அதை 5 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். என் அத்தை மகன் ஒருவன் அந்த மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டு, "எனக்கெல்லாம் நம்பர் சூப்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தபோதும் கிட்டத்தட்ட அதே நம்பர்தான்.

இதற்கு நடுவில், வம்சாவளி பார்க்கிற எச்சில் பரிசோதனைக் கிட் ஒன்றை மகள் வாங்கியிருந்தாள், எனக்கும் சேர்த்து. முடிவு வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, தாய்வழிக் குழு என்று போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு யூ. எனக்கு வேறு எழுத்து வந்திருக்கிறதே, தப்பா?" தப்பில்லை. அவளுக்கு அவள் அம்மாவின் வழி, எனக்கு என் அம்மாவின் வழி. அதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தக் குழுவின் பெயரையும் புராஸ்டேட் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடிவிட்டாள். முதலில் வந்து விழுந்தது 2006-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. யூ குழுவில் பிறந்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளுக்குள் எனக்கும் ஒன்றும் நன்றாக இல்லை.

அன்றிலிருந்து பல வாரம் இதையே படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அதற்கென்று தனியாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது. வட்டமானது, 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். செல்லின் உட்கருவில் இருக்கும் சுமார் 300 கோடி எழுத்துகளுக்கு முன்னால் இது ஒரு மூலைக்கு வராது. 1981-லேயே கேம்பிரிட்ஜில் இதை முழுதாகப் படித்து முடித்துவிட்டார்கள். இது அம்மாவிடமிருந்து மட்டும்தான் வருகிறது. விந்தணு கொண்டுவரும் மைட்டோகாண்ட்ரியா கருத்தரித்த பிறகு அழிக்கப்பட்டுவிடும். ஆக அம்மா, பெரிய மாமா, சித்தி, நான், தங்கை, தங்கை பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வட்டம். தலைமுறைகள் ஓடும்போது எங்காவது ஓர் எழுத்து மாறும், மாறியது அப்படியே தாய்வழியில் இறங்கும். அந்த மாற்றங்களின் தடத்தை வைத்துத்தான் மனிதர்களைக் குழுக்களாகப் பிரித்து எழுத்து கொடுக்கிறார்கள்.

இதில் ஆண்களுக்கு எதிராக ஒரு சங்கதி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா எந்த ஆணையும் தாண்டி அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. அதனால் அதில் வரும் ஒரு மாற்றம் பெண்ணுக்குத் தீங்கு செய்யாமல் ஆணுக்கு மட்டும் தீங்கு செய்தால், இயற்கைத் தேர்வு அதைக் களைந்தெறிய வழியே கிடையாது. உயிரியலாளர்கள் 2004-லிருந்து இதைத் தாயின் சாபம் என்ற பெயரில் பேசுகிறார்கள். லீபர் நோய் என்று ஒரு பரம்பரைப் பார்வையிழப்பு உண்டு. அது மைட்டோகாண்ட்ரியா மாற்றத்தால் வருவது, பெண்களைவிட ஆண்களை அதிகம் தாக்குகிறது. புராஸ்டேட் என்ற உறுப்பே ஆணுக்குத்தான் என்பதால், இந்தக் கோணத்தில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே தேடிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. (பெயர் வைத்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம். எங்கள் அம்மா காதில் விழக்கூடாது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

புராஸ்டேட்டுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் உள்ள உறவே விசித்திரமானது. படித்ததிலேயே எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். உடம்பின் மற்றச் செல்கள் சிட்ரேட் என்ற பொருளை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரித்து ஆற்றல் எடுக்கும். புராஸ்டேட் செல் அதை எரிக்காமல் சேர்த்து வைத்து விந்துநீரில் விடுகிறது. அதற்காகத் துத்தநாகத்தை ஏராளமாகச் சேகரித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் துத்தநாகம், சிட்ரேட்டை எரிக்கும் பாதையில் உள்ள அகோனிடேஸ் என்ற நொதியை மடக்கிப் போட்டுவிடும். புற்றுநோய் வரும்போது முதலில் நடக்கும் காரியங்களில் ஒன்று, செல் அந்தத் துத்தநாகத்தை இழப்பது. தடை நீங்கியதும் மைட்டோகாண்ட்ரியா முழு வீச்சில் ஓட ஆரம்பிக்கிறது. பல புற்றுநோய்களில் செல் சர்க்கரையை விழுங்குவதற்குத் தாவும், இங்கே ஆரம்ப கட்டத்தில் கதை தலைகீழ். அதனால்தான் மற்றப் புற்றுநோய்களுக்குப் பயன்படும் சர்க்கரை வகை பெட் ஸ்கேனில் ஆரம்பகாலப் புராஸ்டேட் புற்று சரியாக மின்னுவதில்லை. மாமாவுக்கு ஏன் சர்க்கரைக்குப் பதிலாகப் புராஸ்டேட் செல்லின் மேல் உள்ள ஒரு புரதத்தைத் தேடுகிற பி.எஸ்.எம்.ஏ. பெட் என்ற வேறு ஸ்கேன் எடுத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆகவே மைட்டோகாண்ட்ரியாவில் பிறவியிலேயே ஒரு சின்ன வித்தியாசம் இருந்தால் அது புராஸ்டேட்டைப் பாதிக்கலாம் என்று நினைப்பது வெறும் கற்பனை இல்லை. 2005-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு ஒன்று இதைச் சோதித்தது. புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டிகளில் 11, 12 சதவீதத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் முக்கியமான மாற்றம் இருந்தது. நோயில்லை என்று உறுதியானவர்களில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. அதோடு நிற்கவில்லை. ஒரே புற்றுநோய்ச் செல்லை எடுத்து, அதன் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் மாற்றிப் பொருத்தி எலிகளில் செலுத்தினார்கள். கெட்ட மாற்றம் உள்ள மைட்டோகாண்ட்ரியா போன கட்டி, நல்லது போன கட்டியைவிட ஏழு மடங்கு பெரிதாக வளர்ந்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மிகையில்லை. ஆனால் மறுநாள் நிதானமாகத் திரும்பப் படித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. எலியில் போட்ட அந்த மாற்றம், குழந்தைகளுக்குக் கடுமையான நரம்பு நோய் கொடுக்கிற ஒரு மாற்றம். என் குழுவைக் குறிக்கும் சாதாரண எழுத்து வித்தியாசங்களுக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா மாற்றம் என்று ஒரே பேரில் மூன்று வேறு விஷயங்கள் பேசப்படுகின்றன: எல்லோரிடமும் ஏதாவது ஒரு வகையில் இருக்கிற குழு அடையாளம், நோயே உண்டாக்குகிற அரிய பிறவி மாற்றம், பிறகு கட்டிக்குள் புதிதாக முளைக்கிற மாற்றம். 2017-ல் கனடாக் குழு ஒன்று 384 நோயாளிகளின் புராஸ்டேட் கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியாவை முழுதாகப் படித்தது. ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் புது மாற்றங்கள் இருந்தன, சில மாற்றங்கள் நோயின் மூர்க்கத்தோடு தொடர்பு காட்டின. முக்கியமான வேலைதான். ஆனால் அது கட்டிக்குள் முளைத்ததைப் பற்றிய ஆய்வு. என் எச்சில் ரிப்போர்ட்டோடு அதற்குப் பேச்சே இல்லை. எந்தச் செய்தியைப் படித்தாலும், இது பிறப்பிலேயே உள்ளதா, கட்டியில் மட்டும் உள்ளதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் இப்போது மேலே படிக்கிறேன்.

சரி, அந்த இரண்டு மடங்கு? 2006 ஆய்வு வட அமெரிக்க வெள்ளையர்களிடம் நடந்தது. புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் 16.74 சதவீதம் பேர் யூ குழு, ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களில் 9.35 சதவீதம். எடுத்துக்கொண்டது சில நூறு பேரைத்தான். 2009-ல் ஆஸ்திரியாவில் இதே கேள்வியை இன்னொரு குழு கேட்டது. அங்கே எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

இப்படி முன்னுக்குப் பின் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாக் குழு என்பது முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதன் அடையாளம். புராஸ்டேட் புற்றுநோயும் வம்சாவளிக்கு வம்சாவளி வேறுபடும், ஆப்பிரிக்க வம்சத்தவருக்கு அதிகம். ஆகவே நோயாளிகள் கூட்டமும் ஒப்பீட்டுக் கூட்டமும் வம்சாவளியில் கொஞ்சம் பிசகினாலும் போதும், மைட்டோகாண்ட்ரியாமீது சும்மா பழி விழும். போதாததற்கு, யூ என்பது ஒரே குடும்பமும் இல்லை. பல பத்தாயிரம் ஆண்டு பழைய கிளை அது. ஐரோப்பாவில் அதிகம் தென்படுவது யூ5, தெற்காசியாவில் யூ2. எழுத்து ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அங்கே எண்ணியதை இங்கே ஒட்ட முடியாது. என்னுடைய ரிப்போர்ட்டில் இருந்தது யூ2-வின் ஒரு கிளை.

இந்த நேரம் பார்த்து ஒரு நண்பர் மைட்டோகாண்ட்ரியாவுக்கு பலம் தரும் என்று ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். வைட்டமின் இ, செலினியம், இன்னும் ஏதேதோ. கொடுத்தவர் மனது நல்ல மனது. நான் டப்பாவைத் திறக்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் ஆக்சிஜன் கழிவை ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை துடைத்துவிடும், அதனால் புராஸ்டேட் புற்றுநோய் குறையும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பி 2001-ல் செலக்ட் என்ற பெரிய சோதனையே ஆரம்பித்தார்கள். 35,533 ஆண்கள். பலன் இல்லை என்று 2008-ல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். 2011-ல் வந்த கணக்குப்படி, வைட்டமின் இ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். குறையவில்லை, கூடியது. இதை நண்பரிடம் சொன்னேன். "இயற்கையானதுதானே" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

யூராலஜிஸ்ட்டிடம் அடுத்த முறை போனபோது கேட்கப்படாத கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். மாமாவைப் பற்றி, சித்தியைப் பற்றி. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சித்திக்கு வயிற்றில் எந்த இடத்தில் கட்டி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துவிட்டு வரச் சொல்லி, ஒரு மரபியல் ஆலோசகரிடமும் அனுப்பினார்.

விசாரிப்பது லேசில்லை. அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. சித்தப்பாதான் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மங்கிப்போன பயாப்சி ரிப்போர்ட். சினைப்பைப் புற்றுநோய்.

மரபியல் ஆலோசகர் சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. இறந்தவர்கள்மேல் குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொருவருக்கும் நோய் வந்த வயதைக் கேட்டார், பரவியதா என்று கேட்டார். மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் என்ற நாலையும் ஒரே மூச்சில் கேட்டார். அப்பா பக்கத்துக்கு எடுத்துக்கொண்ட அதே நேரத்தை அம்மா பக்கத்துக்கும் எடுத்துக்கொண்டார். நான் என் யூ குழுவைப் பற்றி ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அந்த மைட்டோகாண்ட்ரியா உங்க மாமாகிட்டயும் இருக்கு, உங்ககிட்டயும் இருக்கு, உங்க அம்மா வழியில எல்லார்கிட்டயும் இருக்கு. அதை வெச்சு யாருக்கு என்ன செய்யணும்னு எந்த வழிகாட்டுதலும் இல்ல. நான் தேடுறது வேற ஒண்ணு," என்றார்.

அவர் தேடியது பி.ஆர்.சி.ஏ.2. இது உட்கருவில் உள்ள மரபணு, டி.என்.ஏ. உடைந்தால் பழுது பார்ப்பது இதன் வேலை. இதில் கெட்ட மாற்றம் இருந்தால் பெண்களுக்கு மார்பகமும் சினைப்பையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் ஆபத்தில் இருக்கும். அதுவும் மூர்க்கமான வகை. இது அம்மாவிடமிருந்தும் வரலாம், அப்பாவிடமிருந்தும் வரலாம். பிள்ளைக்குப் பிள்ளை பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா பக்கத்திலிருந்து வருவது எல்லாம் மைட்டோகாண்ட்ரியா வழியாகத்தான் வரும் என்று நான் என்னையறியாமல் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன் போல. அம்மா உட்கரு டி.என்.ஏ.விலும் பாதியைத் தருகிறாள் அல்லவா. இன்னும் பார்த்தால், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்கிற ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களில் அதன் சொந்த டி.என்.ஏ. செய்வது 13-ஐ மட்டும்தான். மிச்சம் அத்தனையும் உட்கருவின் தயாரிப்பு, அப்பா பங்கும் அதில் உண்டு.

புராஸ்டேட் புற்றுநோயில் பரம்பரையின் பங்கு பெரிது. 2016-ல் வெளியான நார்டிக் நாடுகளின் இரட்டையர் ஆய்வு அதை 57 சதவீதம் என்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி உட்கருவில் சிதறிக் கிடக்கிற, ஒவ்வொன்றும் துளி ஆபத்து கூட்டுகிற நூற்றுக்கணக்கான வித்தியாசங்கள். பி.ஆர்.சி.ஏ.2 போல ஒரே அடியாக ஆபத்தைத் தூக்குகிற மரபணுக்கள் சிலவே: ஏ.டி.எம்., ஹாக்ஸ்.பி.13 என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யாரை முதலில் பரிசோதிப்பது என்பதில் ஆலோசகர் கறாராக இருந்தார். முதலில் நோய் வந்தவரை. மாமாவுக்கு எடுக்காமல் எனக்கு எடுத்து, ஒன்றும் இல்லை என்று வந்தால், குடும்பத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லையா, அல்லது இருந்து எனக்கு மட்டும் வரவில்லையா என்று தெரியாது. மாமாவிடம் எச்சில் கேட்கப் போனேன். "என்னடா, செத்துப்போறதுக்கு முன்னால எச்சில் வேற வேணுமா?" என்று சிரித்தார். கொடுத்தார்.

மாமாவுக்கு பி.ஆர்.சி.ஏ.2-வில் கெட்ட மாற்றம் இருந்தது.

எங்களுக்குக் கவலையாக வந்த முடிவு அவருக்கு ஒரு மருந்தாகவும் வந்தது. ஹார்மோன் வைத்தியம் அவருக்குப் பலன் தராமல் போயிருந்த நேரம். பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவர்களின் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒலாபரிப் என்ற மாத்திரை உண்டு, அமெரிக்காவில் 2020-ல் அனுமதி பெற்றது. ஏற்கனவே பழுதுபார்க்கத் தெரியாத செல்லில் இன்னொரு பழுதுபார்க்கும் வழியையும் அடைத்து அதைச் சாகடிப்பது இந்த மாத்திரையின் வேலை. ரத்தசோகை அவரைப் படுத்தியது, ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் எலும்பு வலி குறைந்து, நல்லபடியாக நடமாடும் காலம் ஒன்று கிடைத்தது.

எனக்கு எடுத்தபோது அந்த மாற்றம் இல்லை. அதே மைட்டோகாண்ட்ரியா, அதே தாய்வழி, அதே எழுத்து. ஆனால் ஆபத்தான அந்த மரபணு மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பை-ராட்ஸ் 3 என்று வந்தது. 1-லிருந்து 5 வரை போகும் சந்தேக அளவில் நட்டநடு. பயாப்சி செய்தார்கள். எடுத்த 12 துணுக்கில் இரண்டில் புற்று இருந்தது. அதன் மூர்க்கத்தைக் கணக்கிடும் கிளீசன் அளவில் 3+3. இருப்பதிலேயே சாது. கேட்டதும் வெட்டி எடுத்துவிடுங்கள் என்றுதான் வாய் வந்தது. டாக்டர் அவசரப்படவில்லை. இந்த வகையைக் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம் என்றார். பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்து, கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று 15 ஆண்டு பின்தொடர்ந்த புரோடெக்ட் சோதனை இருக்கிறது. 2023-ல் முடிவு வெளியானது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவுதான். "ஆனா உங்களுக்கு பி.ஆர்.சி.ஏ.2 இருந்திருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு சாதுவாகத் தெரிகிற கட்டியும் சீக்கிரம் சீறலாம், கண்காணிப்பில் விடுவதற்கு யோசிப்பார்கள். என் வைத்தியத்தின் போக்கைத் தீர்மானித்த ரிப்போர்ட் அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., இடையிடையே எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி என்று ஓடுகிறது. சிறுநீர் கட்டுப்பாடோ தாம்பத்தியமோ எதுவும் போகவில்லை.

தங்கைக்கு அந்த மாற்றம் இருந்தது. "அண்ணா, உனக்கு இல்லாதது எனக்கு ஏன்?" என்று கேட்டாள். நாணயம் சுண்டியது போலத்தான், வேறு பதில் இல்லை. இப்போது வருஷம் ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்கிறாள். சினைப்பையை எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் சினைப்பைப் புற்றை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான பரிசோதனை எதுவும் கிடையாது. தங்கைக்கு இருக்கிறது என்றதும் அம்மாவிடமும் இருக்கிறது என்று ஆகிவிட்டது. எண்பது வயதில் அவருக்கு ஒரு புற்றும் வரவில்லை. மாற்றம் இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை, அதற்கு எங்கள் வீட்டிலேயே அவர்தான் சாட்சி. பெண்ணாக இருந்ததால் புராஸ்டேட் ஆபத்து அவரிடம் தெரியவும் வழியில்லை. "என் வழியாத்தான் வந்துச்சா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "உங்க அம்மாவோ அப்பாவோ உங்களுக்குக் கொடுத்தது, அவங்களுக்கு அதுக்கு முன்னால யாரோ," என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

கிட்டை வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அந்த எச்சில் கிட்டுகள் பி.ஆர்.சி.ஏ.வின் ஆயிரக்கணக்கான கெட்ட மாற்றங்களில் கொஞ்சத்தைத்தான் பார்க்கும். ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. அங்கிருந்து மூலத் தரவை இறக்கி வேறு தளத்தில் ஏற்றிப் பார்ப்பது இன்னும் மோசம். 2018-ல் ஒரு மருத்துவ ஆய்வகம் அப்படி வந்த மாற்றங்களைச் சரிபார்த்தபோது 40 சதவீதம் பொய்யாக இருந்தன. மருத்துவ ஆய்வகத்தில் எடுத்தாலும் சில சமயம் பொருள் தெளிவாகாத மாற்றம் என்று ஒரு வகை வரும். அதை வைத்து எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. வருஷங்கள் கழித்து அதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லை என்று தீர்ப்பாகும். ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், ஆய்வகம் பின்னால் திருத்தி அனுப்பினால் ஒப்பிட வேண்டியிருக்கும்.

தங்கைக்கு இரண்டு பையன்கள். இருவருக்கும் என்னுடைய அதே மைட்டோகாண்ட்ரியா. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பி.ஆர்.சி.ஏ.2-வை எப்போது பார்த்துக்கொள்வது என்பதை அவர்கள் முடிவுக்கு விட்டிருக்கிறோம். இருந்தால் 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. ஆரம்பிக்க வேண்டும், மற்றவர்கள்போல 50 வரை காத்திருக்கக் கூடாது. என் மகனுக்கு என் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, அந்த பி.ஆர்.சி.ஏ. மாற்றமும் இல்லை. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் வந்த அப்பா இருக்கிறார், அது மட்டுமே ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். அவன் 45-ல் ஆரம்பிக்க வேண்டும். ஆலோசகர் வரைந்த தாளை நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன், பின்பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த வயதில் எந்தப் பரிசோதனை என்று எழுதி.